மூலைக் கட்டத்தில் இரண்டு கைகள்

ஜூன் 6

என் அருமை வாலுவுக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், அவளுடைய வாய் ரொம்பவே நலம். உன் தோள்வலி குறைந்ததா? செய்திக்கு உட்காரும் முன் கையை நன்றாக உதறிக்கொள்ளச் சொன்னேனே, செய்கிறாயா?

இங்கே ஒரு கெட்ட சேதி. போன மாதக் கடைசியோடு பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாம் டிஜிட்டலாம். எலெக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்டு ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கி, கூரையில் இருந்த அதே ஆன்டெனாவை அதில் சொருகினேன். 'சிக்னல் இல்லை' என்று திரையில் ஒரு வரி வந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய படம் ஒன்றும் பிரமாதமில்லை. திரை முழுக்க உப்பைத் தூவினாற்போல இருக்கும். ஆனாலும் வலது மூலையில், அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நீ தெரிவாய். முகம் தெரியாத நாளிலும் கை தெரியும். நான் தைத்துக் கொடுத்த கருநீலச் சட்டை தெரியும். நீ 'வெள்ளம்' என்று காட்டினால் எனக்குப் புரிந்துவிடும். புதியது அப்படி இல்லையாம். வந்தால் கண்ணாடி மாதிரி வரும், வராவிட்டால் சுத்தமாக வராது, நடுவில் ஒன்றும் கிடையாது என்கிறார் எலெக்ட்ரீஷியன்.

மளிகைக் கடைக்காரர் டிஷ் வைக்கச் சொல்கிறார். விசாரித்தேன். அதில் நூறு சேனல் வருமாம், உன் நிலையம் மட்டும் வராதாம். அந்த நூறிலும் ஒருவர்கூடக் கையால் பேசுவதில்லை. அது எனக்கு எதற்கு?

காது கேட்காதவனுக்கு ஊர்ச் செய்தி எப்போதும் மிச்சம் மீதிதான் வரும். எல்லோரும் பேசி முடித்த பிறகு யாராவது இரக்கப்பட்டு நாலு வார்த்தை எழுதிக் காட்டுவார்கள். ஒரு வருஷமாக அப்படி இல்லை. உலகத்துச் செய்தியை என் தங்கையே வந்து எனக்குச் சொன்னாள். தையல் கடையில் மறுநாள் நான்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். அந்தச் சுகத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

உங்கள் நிலையத்து இன்ஜினியரைக் கேட்டு எழுது. இந்த மலையைத் தாண்டி உன்னை எப்படிக் கொண்டுவருவது?

மூலையைப் பார்த்தபடியே இருக்கும்,
அண்ணன்

ஜூன் 19

அன்பு அண்ணாவுக்கு,

நான் சுகம். தோள் பரவாயில்லை. கையை உதறுகிறேன், பக்கத்து நாற்காலிக்காரர் ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இன்ஜினியரிடம் கேட்டேன். தங்கமான மனிதர். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தார். நம் பள்ளத்தாக்கு மலையின் நிழலில் இருக்கிறது, பெரிய டவர் அங்கே எட்டவே எட்டாது என்கிறார். ஆனால் மலைக்கு மேற்கே, பெரிய டவரின் அலையை வாங்கி மறுபடி அனுப்புகிற ஒரு சின்ன ரிலே டவர் இருக்கிறதாம். அதைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். இன்னொன்று, பழைய ஆன்டெனாவில் கம்பிகள் படுத்திருக்கும் இல்லையா? ரிலே டவருக்கு அவை நிமிர்ந்து நிற்க வேண்டுமாம். அனுப்புகிறவன் நிற்கும்போது வாங்குகிறவன் படுத்திருக்கக் கூடாது என்று சிரித்தார்.

நீ கூரையில் ஏறாதே என்று எழுத நினைத்தேன். ஏறாமல் இருக்க மாட்டாய். அதனால் அண்ணியைக் கீழே நிற்கவைத்துவிட்டு ஏறு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டில் நின்று, மாடி ஜன்னலில் தைத்துக்கொண்டிருக்கும் உனக்கு முஷ்டியை நெஞ்சில் வைத்துக் காட்டுவேனே, 'வந்தாச்சு' என்று? நிலையத்து வாசலில் நுழையும்போது இன்னமும் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிறது. நேற்று காவலாளி பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். அது எந்தச் சைகை மொழிப் புத்தகத்திலும் இல்லாத நம் வீட்டுச் சைகை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, திரையில் இதுவரை தவறிச் செய்ததில்லை. அங்கே என் சொந்தப் பேச்சு ஒரு விரலளவுகூட இருக்கக் கூடாது. வாசிப்பவர் சொல்வதை மட்டும்தான் நான் சொல்ல வேண்டும். சொந்தமாகச் சொன்னால் வேலை போய்விடும்.

உன் சட்டையில்தான் தினமும் உட்காருகிறேன். பளபளக்கும் பட்டன் வேண்டாம் என்று மறைத்துத் தைத்தாயே, அதை ஒப்பனை அம்மா எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

பிரியமுள்ள,
வாலு

ஜூலை 12

என் ஒரே நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என் சுகத்தைக் கேட்காதே. ஒரு தையல்காரருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று நினைத்திருந்தேன், கூரையில் வாழ்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

நீ எழுதியபடி கம்பிகளை நிமிர்த்தி, மேற்கே திருப்பினார். அவர் கூரையில். எலெக்ட்ரீஷியன் உள்ளே டிவி முன்னால். நான் ஜன்னலில். உள்ளேயிருந்து எலெக்ட்ரீஷியன் கட்டை விரலைத் தூக்குகிறார், நானும் ஜன்னலுக்கு வெளியே கட்டை விரலைத் தூக்குகிறேன், உன் அண்ணன் சந்தோஷமாகத் திருகாணியெல்லாம் முறுக்கிவிட்டு இறங்கி வந்தார். வந்து பார்த்தால் செய்தி வாசிப்பவரின் தாடை நெற்றியில் இருக்கிறது. உன் கட்டத்தில் நாலைந்து நீலச் சதுரம். அவ்வளவுதான் நீ.

எலெக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் நல்லா கேக்குதே" என்கிறார். அவர் காதால் பார்த்திருக்கிறார், பாவம். படம் உறைந்து நின்றாலும் சத்தம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டார். நானும் ஜன்னலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே விரலைத் தூக்கினேன்? இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அது தோன்றவில்லை.

உன் அண்ணன் கோபப்படவில்லை. டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தார். எலெக்ட்ரீஷியனை ஸ்டூலில் உட்காரவைத்து, டீ கொடுத்து, செய்தி முடியும்வரை பார்க்கச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் பார்த்தார். டீ ஆறிப்போனது. "நாளைக்கு மறுபடி ஏறலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் முகமே மாறிப்போயிருந்தது.

இருந்தாலும் கூரை உயரம் போதாது என்றுதான் தோன்றுகிறது. நான் தினமும் 'இறங்குங்க இறங்குங்க' என்று கத்துகிறேன். யாரிடம் கத்துகிறேன் பார்.

பொறுமைசாலியான,
அண்ணி

ஆகஸ்ட் 3

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்குத் தனியாக அனுப்புகிறேன். அண்ணன் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

எங்கள் மூலைக் கட்டத்தை நவம்பர் முப்பதோடு எடுத்துவிடுகிறார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை என்று மேலே முடிவாகிவிட்டது. அதற்குப் பதில் திரையின் அடியில் எழுத்து ஓடுமாம். "படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது போதுமே" என்றார் மேலதிகாரி. அடுத்த செய்திக்கு நேரமாகிவிட்டது, போய்க் கட்டத்தில் உட்கார்ந்தேன். பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம், ஆனால் அடுத்தவர் பேச்சை.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். சொன்னால் கொட்டுகிற மழையிலும் கூரையில்தான் இருப்பான். விழுந்து வைத்தால் என்ன செய்வது? அவன் நிதானமாக வேலை செய்யட்டும். நவம்பருக்குள் படம் வந்தால் என் அதிர்ஷ்டம். வராவிட்டால் அதன் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

என் முதல் செய்தியை உப்புத் தூவிய திரையில் பார்த்துவிட்டு, 'நீ சொன்னது ஒன்று விடாமல் புரிந்தது' என்று அவன் எழுதினானே, அந்தக் கடிதம் என் பையிலேயே இருக்கிறது. கடைசிச் செய்தியையும் அவன் பார்க்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு,
வாலு

ஆகஸ்ட் 20

நாத்தனாருக்கு,

படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

கூரை சரிப்படாது என்று முடிவாகிவிட்டது. மலை முகட்டில் ஆன்டெனாவை நட்டு, அங்கிருந்து கேபிளைக் கீழே இழுக்கப் போகிறார்கள். எலெக்ட்ரீஷியன், மளிகைக் கடைக்காரர், உன் அண்ணன் மூன்று பேரும் கூட்டு. மற்ற வீடுகளுக்கும் அதிலிருந்தே பிரித்துக் கொடுக்கலாமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அழாதே. நான் அழுதுவிட்டேன், ஒருத்தர் அழுதால் போதும்.

அண்ணி

செப்டம்பர் 25

என் அருமை வாலுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். முகட்டுக்குப் போய்விட்டோம். அங்கே நின்றால் ரிலே டவர் நேருக்கு நேர் தெரிகிறது. சின்ன டிவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், பேட்டரியில் ஓட்டிப் பார்த்தோம். படம் கண்ணாடிதான்.

ஆனால் கீழே வீட்டில் சரியாக வரவேண்டுமே. முகட்டில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும், கீழே ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றில் எலெக்ட்ரீஷியனும் கடைக்காரரும் அண்ணியும் கத்துவது ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. போனுக்கும் இங்கே சிக்னல் கிடையாது. மூன்று பேரும் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்தார்கள். நீ பார்த்திருக்க வேண்டும் வாலு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கூட்டத்தில் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஐந்தே சைகை சொல்லிக்கொடுத்தேன். இடது, வலது, பொறு, போய்விட்டது, அப்புறம் நம்முடைய 'வந்தாச்சு'. தூரத்துக்குத் தெரியவேண்டும் என்று கடையில் மிஞ்சிய சிவப்புத் துணியில் ஆளுக்கு ஒரு ஜோடிக் கையுறை தைத்தேன். வாசலில் உன் அண்ணி, நடுவழியில் பாறைமேல் கடைக்காரர், முகட்டில் நான். அண்ணி காட்டுவதைக் கடைக்காரர் எனக்குக் காட்டுவார். அவருக்கு வலதும் இடதும் மாறிப்போகும், மற்றபடி கெட்டிக்காரர். உள்ளே டிவி முன்னால் எலெக்ட்ரீஷியன். இப்போதெல்லாம் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

இன்னொரு சேதி. முகட்டில் ஒரு தேன்காரர் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். அவருடைய இடத்தில்தான் கம்பத்தை நட வேண்டும். ஆள் தலைக்கனம் பிடித்தவர், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், பேசிப் பயனில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் போனேன். எனக்குப் பின்னாலிருந்து கூப்பிடும் பழக்கம் கிடையாதே, முன்னால் போய் நின்றேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கும் காது கேட்காது. இந்த வயசு வரைக்கும் அது இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, எழுதப் படிக்கத் தெரியாது, சைகையும் தெரியாது. தேனீயோடு இருந்தால் யாரும் பேச வரமாட்டார்கள் என்று அங்கே போய் உட்கார்ந்துவிட்டார் போல. கம்பத்துக்கு அவரே குழி தோண்டினார். தினமும் நாலு சைகை கற்றுக்கொள்கிறார். உன்னைப் பற்றி ஜாடையில் சொன்னேன். டிவியில் ஒரு பெண் கையால் பேசுகிறாள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

கேபிள் நீளம் அதிகம். கீழே வருவதற்குள் சிக்னல் களைத்துவிடுகிறது. பூஸ்டர் வேண்டுமாம். கேட்டு அனுப்பு.

இந்த மாதத் தொடக்கத்தில் நீ போட்ட கடிதத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தாய். வேலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அண்ணன்

அக்டோபர் 14

அன்பு அண்ணாவுக்கு,

எல்லோரும் நலமா? உன் கடிதத்தை ஒப்பனை அறையில் சத்தமாகப் படித்தேன். சிவப்புக் கையுறை வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் பத்து வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கி ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன். நீ ஒரு மலை முழுவதையும் கட்டமாக்கிவிட்டாய். உன் தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்று கையால் சொன்னால்தான் சரியாக வரும், எழுத்தில் வரவில்லை.

பூஸ்டர் வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். இன்ஜினியர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். அதைக் கீழே டிவிப் பக்கத்தில் வைக்காதே, மேலே ஆன்டெனாவுக்கு அடியிலேயே கட்டு. களைத்துப்போன பிறகு தூக்கிவிட்டால் கூடச் சேர்ந்த குப்பையையும் சேர்த்துத் தூக்கும், கிளம்பும்போதே தெம்பு கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு வேண்டிய கரண்ட் அதே கேபிள் வழியாக மேலே போகுமாம்.

தேன்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். மழைக்காலம், முகட்டில் பார்த்து நட.

வேலை வழக்கம்போல.

வாலு

நவம்பர் 21

நாத்தனாருக்கு,

சுகமா? இங்கே விடாத மழை. மலைப் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுவிட்டது. உன் பார்சல் அந்தப் பக்கத்துத் தபால் நிலையத்தில் கிடக்கிறதாம். இந்தக் கடிதத்தையே சரிவைத் தாண்டி நடந்துபோகும் ஒருவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் ஜன்னலில் உட்கார்ந்து மழையைத் தைத்துவிடுவார்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று என்னையும் மீறி, 'மழை விட்ட மாதிரி இருக்கு, ஏறிப் பாருங்களேன்' என்று காட்டிவிட்டேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

கடவுள் விட்ட வழி.

அண்ணி

டிசம்பர் 1

அன்பு அண்ணாவுக்கு,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா? மண்சரிவு பற்றி நானே செய்தியில் கையால் சொன்னேன். சொல்லும்போது அது உங்கள் பாதையா என்றுகூட எனக்குத் தெரியாது.

இனியும் மறைக்க முடியாது. நேற்றோடு எங்கள் கட்டம் முடிந்துவிட்டது. ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். நீ மழையில் ஏறுவாய் என்று பயந்து சொல்லவில்லை. அண்ணிமேல் கோபப்படாதே, நான்தான் வாயைக் கட்டினேன்.

நேற்று உன் கருநீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். பார்சல் வந்ததா, படம் வந்ததா, ஒன்றும் எனக்குத் தெரியாது. உங்கள் திரையில் அந்த ஒரு வரிதான் இருந்திருக்கும் என்று மனசு சொன்னது. செய்தி முடிந்தது. வாசிப்பவர் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். அதன் பிறகு கையை மடியில் வைக்க வேண்டும். அண்ணா, நான் வைக்கவில்லை. முஷ்டியை நெஞ்சில் வைத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக அடுத்தவர் பேச்சையே பேசினேன், கடைசியில் ஒன்றே ஒன்று என்னுடையது. 'வந்தாச்சு'.

கேமராக்காரர் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். விளக்கை அணைக்காமல் நான் எழுந்திருக்கும்வரை நின்றார்.

ஜனவரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். காது கேளாத நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் பேச வேண்டும். அதுவரை சும்மாதான் இருக்கிறேன்.

நீ பார்க்காத,
வாலு

டிசம்பர் 9

என் அருமை வாலுவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை அண்ணியிடம் காட்டினேன். தன்மேல் கோபம் இல்லையென்று தெரிந்ததும் பழையபடி வாய் திறந்துகொண்டது.

எனக்கு முன்பே தெரியும். இத்தனை மாதமாக என்னை 'இறங்குங்க' என்றே காட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று 'ஏறுங்க' என்றாள். உனக்கு ஏதோ முடியப்போகிறது, அதுவும் சீக்கிரம் முடியப்போகிறது என்று அந்த நிமிஷமே புரிந்தது. கேட்டால் அவளுக்குச் சங்கடம் என்று கேட்கவில்லை.

தேன்காரர்தான் பார்சலைக் கொண்டுவந்தார். சரிவைச் சுற்றி அவருக்கு மட்டும் தெரிந்த வழியில் போய், தேன் டின்னில் வைத்து மூடித் தூக்கிவந்தார். முப்பதாம் தேதி மத்தியானம் மழை விட்டது. இன்ஜினியர் சொன்னபடியே பூஸ்டரை ஆன்டெனாவுக்கு அடியில் கட்டினோம். இடது. பொறு. வலது. போய்விட்டது. இப்படியே மாலையாகிவிட்டது. செய்தி ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அப்போது வாசலில் உன் அண்ணியின் சிவப்புக் கை நெஞ்சுக்குப் போனது. பாறையில் கடைக்காரர் கை நெஞ்சுக்குப் போனது. நானும் தேன்காரரும் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தோம். யாரும் காலைக் கழுவவில்லை, அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாதிச் செய்தியிலிருந்து பார்த்தேன். வாலு, உன்னை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. உப்பில்லாத திரையில் உன் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. அணைக்கட்டுச் செய்தியில் தண்ணீர் ஏறுவதைப் புருவத்தாலேயே காட்டினாய். அதிகாரியின் நீளமான விளக்கத்தை இரண்டு அசைவில் முடித்தாய். நான் நாற்பது வருஷமாகத் துணி வெட்டுகிறேன், வீணில்லாத கையைப் பார்த்தால் எனக்குத் தெரியும். வானிலையில் நீ 'மழை' காட்டியதும் தேன்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்குப் புரிந்த முதல் செய்தி அது. உன் கட்டத்துக்குப் பதிலாக இப்போது அடியில் ஓடுகிற எழுத்தை அவரால் என்ன செய்ய முடியும்?

கடைசியில் வணக்கம் சொன்னாய். எல்லாம் முடிந்தது என்று அண்ணி கண்ணைத் துடைத்தாள். அப்போது நீ முஷ்டியை நெஞ்சில் வைத்தாய்.

நான் யாருக்கும் விளக்கவில்லை. ஐந்து சைகைதான் அவர்களுக்குத் தெரியும், அதில் இதுவும் ஒன்று. முதலில் கடைக்காரர் கை போனது, கையுறையைக் கழற்ற மறந்திருந்தார். அப்புறம் எலெக்ட்ரீஷியன். தேன்காரர், அண்ணி. எல்லோரும் திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து நின்றார்கள். என்னால்தான் உடனே கையைத் தூக்க முடியவில்லை. தூக்கினபோது நீ திரையில் இல்லை.

உனக்குத் தர வேண்டிய அந்தப் பதில் இன்னும் என் கையிலேயே நிற்கிறது. அதனால் சொல்கிறேன், ஜனவரிவரை அங்கே சும்மா உட்கார்ந்திருக்காதே, கிளம்பி வா. பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். ஐந்து சைகை போதவில்லை என்று கடைக்காரர் நச்சரிக்கிறார், தேன்காரருக்கு இனிமேல்தான் எல்லாமே வேண்டும்.

வந்ததும் கதவைத் தட்டாதே. பழையபடி கேட்டில் நின்று காட்டு. நான் மாடி ஜன்னலில்தான் இருப்பேன், இந்தத் தடவை என் கை முந்திக்கொள்ளும்.

அண்ணன்